ரன் இன்டு, ரன் அவுட் ஆஃப், ரன் ஓவர்... ஒரே ‘ரன்’ ஏன் இத்தனை அர்த்தம் தருது? இதை எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?

கேள்வியோட ரெண்டாவது பாதிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், மனப்பாடம் பண்ணாதீங்க. இடது பக்கம் ஃப்ரேசல் வெர்ப் (‘ரன் இன்டு’ மாதிரி வெர்ப்பும் ஒரு குட்டி வார்த்தையும் சேந்தது), வலது பக்கம் தமிழ் அர்த்தம்னு பட்டியல் போட்ட புத்தகங்களை நம்பி நிறைய பேர் மாசக்கணக்கா படிக்கறாங்க, படிச்சது பேசும்போது வரவே மாட்டேங்குது. சாயங்காலத்துல வேலைக்குப் போறவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்றேன், அதனால இதைத் திரும்பத் திரும்ப பாக்கறேன். பட்டியல்ல பத்தாவது வரி வரும்போது முதல் வரி மறந்துடும், ஏன்னா அதுல ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன தொடர்புன்னு யாரும் காட்டறதில்ல.

முதல்ல ஒண்ணு பாருங்க. ‘ரன்’ மட்டும் நமக்குக் கஷ்டமே இல்ல. நம்ம ‘ஓடு’வும் அதே மாதிரிதான் நடந்துக்குது. மனுஷன் ஓடறான், வண்டி ஓடுது, கடிகாரம் ஓடுது, மோட்டார் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, அந்த வருமானத்துலதான் குடும்பம் ஓடுது. இங்கிலீஷ்லயும் பஸ் ரன் ஆகும், மெஷின் ரன் ஆகும், நாடகம் தியேட்டர்ல மாசக்கணக்கா ரன் ஆகும். கால் ஓடறதுல ஆரம்பிச்சு ‘நிக்காம நடந்துகிட்டே இருக்கறது’ங்கற அர்த்தத்துக்கு ரெண்டு மொழியும் தனித்தனியா வந்து சேந்திருக்கு. அப்போ சிக்கல் வெர்ப்ல இல்ல, பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற அந்தச் சின்ன வார்த்தைலதான் இருக்கு.

அது ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு சிக்கலா இருக்குங்கறதுக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. லெனார்ட் டால்மின்னு ஒரு அமெரிக்க மொழியியலாளர், நகர்றதை மொழிகள் எப்படிச் சொல்லுதுன்னு பாத்து மொழிகளை ரெண்டு வகையா பிரிச்சாரு. ஒரு வகைல எந்தப் பக்கம் போனான்ங்கறதை வெர்ப்பே சொல்லிடும், இன்னொரு வகைல வெர்ப் எப்படிப் போனான்னு மட்டும் சொல்லும், எந்தப் பக்கம்ங்கறதைப் பக்கத்துல ஒரு குட்டி வார்த்தை சொல்லும். முதல் வகைக்கு அவர் கொடுத்த பட்டியல்ல ஸ்பானிஷ் மாதிரியான மொழிகள், ஜப்பானீஸ் இதுகளோட தமிழும் இருக்கு, இங்கிலீஷ் ரெண்டாவது வகை. நீங்களே சொல்லிப் பாருங்க, நாம ‘ஓடி உள்ள நுழைஞ்சான்’, ‘ரோட்டை ஓடிக் கடந்தான்’, ‘மாடிப்படில ஓடி ஏறினா’ன்னு சொல்றோம். நுழை, கட, ஏறுன்னு திசைக்கு ஒரு முழு வினைச்சொல்லே வருது. இங்கிலீஷ்காரர் ‘ரேன் இன்’, ‘ரேன் அக்ராஸ்’, ‘ரேன் அப்’போட முடிச்சுடறார். நாம ஒரு வினைச்சொல் கிட்ட கொடுக்கற வேலையை அவங்க ரெண்டு எழுத்து வார்த்தை கிட்ட கொடுத்திருக்காங்க. நாம படிக்கும்போது அந்த ரெண்டு எழுத்தை மேலோட்டமா தாண்டிப் போயிடறோம், அங்கதான் அர்த்தம் கைநழுவுது. என் கருத்துல இதை ஸ்கூல்லயே சொல்லிக் கொடுக்கணும், ப்ரெபோசிஷன்னா கோடிட்ட இடத்தை நிரப்பறதுன்னு மட்டும் நெனைச்சு வளந்ததுதான் பெரிய நஷ்டம்.

சரி, இப்ப அந்தக் குட்டி வார்த்தைகளைப் பாப்போம். ‘இன்டு’ன்னா வெளிய இருந்தது உள்ள போறது, ஓடற வேகத்துல உள்ள போனா அது மோதல். கார் சுவத்துல மோதினா ‘ரேன் இன்டு எ வால்’. பழைய ஃப்ரெண்டை பஸ் ஸ்டாண்டுல எதிர்பாராம பாத்தாலும் ‘ரேன் இன்டு’தான், முன்னாடியே பேசி வெச்சுப் போய்ப் பாத்திருந்தா அது வராது, ஏன்னா மோதல்ங்கறது திட்டம் போட்டு நடக்கறதில்ல. ப்ராஜெக்ட்ல பிரச்சனை வந்தா ‘ரேன் இன்டு எ ப்ராப்ளம்’, அதுவும் எதிர்பாராம போய் முட்டினதுதான். செலவு லட்சத்தைத் தொட்டா ‘ரன்ஸ் இன்டு லேக்ஸ்’, ஓடி ஓடி அந்த லட்சங்கற எல்லைக்குள்ள நுழைஞ்சிடுச்சு. நாலும் நாலு அர்த்தம்னு புத்தகம் எழுதும், எனக்கு இது ஒரே படம்தான்.

‘அவுட்’ கொஞ்சம் நின்னு பாக்க வேண்டியது, தப்பு அதிகமா இங்கதான் வருது. உள்ள இருந்தது எல்லாம் வெளிய ஓடிப்போச்சு, அதாவது தீர்ந்துபோச்சு. ஆனா யாரை எழுவாயா வெக்கறோம்ங்கறதுல கவனம் வேணும். தீர்ந்த பொருள் முதல்ல வந்தா ‘ஆஃப்’ வராது, ‘த பெட்ரோல் ஹேஸ் ரன் அவுட்’. ஆளோ வண்டியோ முதல்ல வந்தா ‘ஆஃப்’ கட்டாயம், ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் பெட்ரோல்’. தமிழ்ல ‘எங்களுக்குப் பால் தீர்ந்துபோச்சு’ன்னு பொருளைத்தான் எழுவாயா வெக்கறோம், ‘நாங்க பால்லேருந்து தீர்ந்துட்டோம்’னு யாரும் சொல்ல மாட்டோம், அதனாலதான் ரெண்டாவது அமைப்பு நம்ம வாயில சுலபமா வராது, அதையே பத்து வாட்டி சத்தமா சொல்லிப் பழகணும். நேரம், பணம், பொறுமை எல்லாத்துக்கும் இதேதான். கிரிக்கெட் ரன் அவுட்டை இதோட குழப்பிக்காதீங்க, அதுல அவுட்ங்கறது ஆட்டக்காரர் ஆட்டமிழந்து வெளிய போறது, எதுவும் தீர்ந்துபோறதில்ல.

‘ஓவர்’னா மேல அல்லது எல்லையைத் தாண்டி. வண்டி நாய் மேல ஏறினாலும், மீட்டிங் சொன்ன நேரத்தைத் தாண்டிப் போனாலும், தொட்டி நிரம்பி வழிஞ்சாலும் ‘ரன் ஓவர்’. ‘த்ரூ’ன்னா ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் வர்றது, வைகை மதுரைக்கு நடுவுல ஓடுது, அது ‘ரன்ஸ் த்ரூ மதுரை’. ஒரு லிஸ்ட்டை மேலிருந்து கீழ வரைக்கும் வேகமா பாத்துட்டு வந்தாலும் ‘ரன் த்ரூ’. ‘அப்’ல சேந்துகிட்டே போகும், கடைல கணக்கு வெச்சு கடன் ஏறிப்போனா ‘ரன் அப் எ பில்’. ‘டவுன்’ல கொறையும், பேட்டரி ரன் டவுன் ஆகும், கவனிக்காம விட்ட பழைய கட்டடமும் ரன் டவுன்தான். ‘ஆன்’ எதை நம்பி ஓடுதுன்னு சொல்லும், பஸ் ஓடறது ‘ஆன் டீசல்’. ஆனா ‘ட்ரெயின் ரன்ஸ் ஆன் டைம்’ல வர்ற ஆன் வேற, அது ‘டைம்’ கூட சேந்தது, ‘ரன்’ கூட இல்ல. இது மாதிரி எந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பாக்கற பழக்கம் வந்துட்டா பாதி குழப்பம் போயிடும்.

ஆபீஸ்ல அடிக்கடி காதுல விழறது ‘லெட் மி ரன் திஸ் பை யூ’. ‘பை’ன்னா பக்கத்துல, முன்னாடி கடந்து போறது, ஒரு யோசனையை உங்க கண்ணு முன்னாடி ஒரு வாட்டி ஓட்டிக் காட்டறேன், நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு சொல்லுங்கன்னு அர்த்தம். ‘பை’க்குப் பதிலா ‘பாஸ்ட்’டும் போடுவாங்க. டாக்டர் கிட்ட போனா ‘டயபடீஸ் ரன்ஸ் இன் த ஃபேமிலி’ன்னு சொல்ல வேண்டி வரும், நாம ‘பரம்பரையா வருது’ங்கறது, அங்க குடும்பத்துக்குள்ள தலைமுறை தலைமுறையா ஓடுது.

‘ஃபார்’ குறிக்கோளைக் காட்டும், பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் ‘ரன் ஃபார்’, அமெரிக்கால ஜனாதிபதி பதவிக்குப் போட்டி போட்டாலும் ‘ரன் ஃபார் பிரெசிடென்ட்’. பிரிட்டன்ல வழக்கமா ‘ஸ்டாண்ட் ஃபார் எலெக்‌ஷன்’னுதான் வரும், நாமளும் தேர்தல்ல நிக்கறார்னுதான் சொல்றோம். அமெரிக்கச் செய்தியைப் படிக்கும்போது யாரோ எங்கயோ ஓடறாங்கன்னு நெனைச்சுடாதீங்க.

எல்லாத்துக்கும் படம் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஒருத்தரைப் பத்தி மட்டமா பேசறதும் ‘ரன் டவுன்’, அங்க ‘கீழ’ங்கறது சரியா வருது. ஆனா அதே ‘ரன் டவுன்’ தேடித் தேடிக் கண்டுபிடிக்கறதுக்கும் வரும், அதுல கீழ எங்க இருக்குன்னு யோசிச்சுகிட்டு உக்காராதீங்க, அப்படியே எடுத்துக்கங்க.

கடைசியா வார்த்தை வரிசை, இதைப் பத்தி அதிகம் பேர் சொல்றதில்ல. ஹிம், ஹெர், இட் மாதிரி வார்த்தை வரும்போது ‘இன்டு’வைப் பிரிக்க முடியாது, ‘ரேன் இன்டு ஹிம்’ மட்டும்தான். வண்டி ஏத்தறதுக்கு ‘ரேன் ஹிம் ஓவர்’னு நடுவுல வரும். ‘த்ரூ’ல வரிசை மாறினா அர்த்தமே மாறிடும், ‘ரேன் த்ரூ இட்’னா லிஸ்ட்டை ஒரு வாட்டி பாத்தேன், ‘ரேன் ஹிம் த்ரூ’ன்னா அவனை வாளால ஊடுருவக் குத்தினேன். லாங்மன் மாதிரி மாணவர் அகராதில ‘ரன்’ முடிஞ்சதும் இந்தக் கூட்டெல்லாம் தனியா கொடுத்திருப்பாங்க, அதுல ரெண்டு பக்கமும் முனை இருக்கற அம்புக்குறி போட்டிருந்தா நடுவுல பிரிக்கலாம்னு அர்த்தம், அம்பு இல்லேன்னா ‘சம்பாடி’ (ஒருத்தர்)ங்கற சொல் எந்த இடத்துல நிக்குதோ அங்கயேதான் உங்க ஆளையும் நிறுத்தணும். புதுசா ஒண்ணு கண்ணுல பட்டா அர்த்தத்தைத் தேடறதுக்கு முன்னாடி அந்தக் குட்டி வார்த்தை எந்தப் பக்கம் காட்டுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க, அப்புறம் அகராதியைத் திறந்து இந்தக் குறியையும் சேத்து பாத்துக்கங்க.