மிட்மார் படகு: கியர் ஆயில் வெளுத்திருந்தால்

குளிர்காலத்துக்குப் படகை நிறுத்தும்போது, புது ஆயிலை ஊற்றி அப்படியே செப்டம்பர் வரை மூடி வைத்துவிடாதீர்கள். அவுட்போர்டில், அதாவது படகின் பின்புறம் மாட்டும் இன்ஜினில், வடித்த கியர் ஆயில் பால் கலந்த டீ போல இருந்தது என்றீர்களே, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மிட்மார் அணைப் பக்கம் ஜூன், ஜூலை குளிர்கால இரவுகளில் உறைபனி விழும். தங்கிய நீர் உறைந்து விரிந்தால் கியர் பெட்டியே விரிசல் விடலாம். கடலோர டர்பனில் நிறுத்துகிறவர்களுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனால் பேரிங் துருப்பிடிப்பது எங்கேயும் உண்டு.

தூண்டில் போடும் படகு என்பதால், ப்ரொப்பெல்லர் தண்டின் ஆயில் சீலைத்தான் (தண்டைச் சுற்றி, தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் வளையம்) முதலில் சந்தேகப்படுவேன். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். தூண்டில் நரம்பு தண்டைச் சுற்றி மெல்லிய வளையமாக இறுகி, கிரீஸுக்குள் புதைந்திருக்கும். சட்டென்று கண்ணில் படாது. அதுதான் சீலை அறுக்கிறது.

நரம்பு இல்லையா? சரி, ஆயில் திருகுகளின் வாஷரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். பலர் பழையதையே முறுக்கிவிடுகிறார்கள்.

கோளாறைச் சரிசெய்த பிறகு ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேலே வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடுங்கள். அப்புறம் இன்ஜினைச் செங்குத்தாகவே நிறுத்தி வையுங்கள்.

கசிவைப் பார்க்கக் கம்ப்ரசர் காற்றை நேராக விடவேண்டாம், நல்ல சீலும் பிதுங்கிவிடும். கைப்பம்பு போதும், மேனுவலில் உள்ள அழுத்தம் வரைக்கும்தான். வடித்த ஆயிலில் இரும்புச் சில்லுகள் தெரிந்தால் நீங்களே பிரிக்காமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.