வாசகர் கேள்விகள்: தோட்டாவுக்கும் போருக்கும் இடையே 37 நாள்

கேள்வி: ஓர் இளவரசரைச் சுட்டதற்காக உலகமே போரில் இறங்கியது என்று பாடத்தில் படித்தேன். நம்பும்படியாகவா இருக்கிறது? (கல்லூரி மாணவி ஒருவர்)

நம்பாதீர்கள். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டையும் அவர் மனைவியையும் சுட்டுக் கொன்றவன் காவ்ரிலோ பிரின்சிப். வயது 19. அதன் பிறகு ஒரு மாதம் ஐரோப்பாவில் போர் மூளவில்லை. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

சுட்டவன் செர்பிய இனத்தவன். செர்பியாவை நசுக்க ஆஸ்திரியாவுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. எது வந்தாலும் துணை நிற்போம் என்று ஜூலை 5 அன்று ஜெர்மனி வாக்குக் கொடுத்தது. 23-ஆம் தேதி செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. செர்பியா பணிவாகவே பதில் எழுதியது. ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணில் விசாரணை நடத்துவதற்கு மட்டும் திட்டமாக மறுத்தது. 28-ஆம் தேதி காலை அந்தப் பதிலைப் படித்த ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று குறிப்பு எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது.

கேள்வி: வல்லரசுகளின் பகை பல ஆண்டுகளாகப் புகைந்ததுதானே? 1914இல் ஏன் பற்றிக்கொண்டது? (ஆசிரியர் ஒருவர்)

நல்ல கேள்வி. பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த போர்க்கப்பல் போட்டியைத்தான் பலரும் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். என் கணிப்பு வேறு. 1912 வாக்கிலேயே ஜெர்மனியின் கவனம் கடற்படையிலிருந்து தரைப்படைக்குத் திரும்பிவிட்டது. மொராக்கோவுக்காக 1905இலும் 1911இலும் நாடுகள் முறைத்துக்கொண்டு, பிறகு விலகிப்போயின. பகை இருந்தும் போர் வரவில்லை.

1914இல் அதனுடன் அவசரம் சேர்ந்தது. ரஷ்யாவின் படைப் பெருக்கத் திட்டம் 1917க்குள் முடிந்துவிடும், அதன் பிறகு நம்மால் வெல்லவே முடியாது என்று ஜெர்மன் தளபதிகள் அஞ்சினார்கள். நாள் கடந்தால் எதிரி வலுத்துவிடுவான் என்ற அந்த அச்சத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் கொடியதாகக் கருதுகிறேன். படை திரட்டுவதோ முழுக்க முழுக்க ரயிலை நம்பி இருந்தது. ஒருவன் தொடங்கினால் மற்றவனும் தொடங்கியாக வேண்டும்.

ஜூலை 29 இரவு நடந்ததைப் பாருங்கள். செர்பியாவுக்குத் துணை நின்றது ரஷ்யா; முழுப்படைத் திரட்டலுக்கு ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் கையெழுத்திட்டுவிட்டார். பீட்டர்ஸ்பர்க் தலைமைத் தந்தி நிலையத்தில் ஆணையை அனுப்ப எல்லாம் தயார். அந்த நேரத்தில் வில்ஹெல்மின் தந்தி வந்து சேர, நிக்கோலஸ் மனம் மாறி ஆணையை நிறுத்தினார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் மன்றாடி மீண்டும் சம்மதம் வாங்கினார். பேரரசர் இன்னொரு முறை மனம் மாறிவிடக் கூடாது என்பதற்காகத் தொலைபேசியையே உடைத்துவிடுவேன் என்றார் படைத் தலைமை அதிகாரி யானுஷ்கேவிச்! ஒரு மனிதர் மறுபடி யோசித்துவிடுவாரோ என்று அவருடைய அதிகாரிகளே பயந்தார்கள் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகஸ்ட் 1 அன்று பெர்லினிலும் இதே கதை. ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்சை விட்டுவிட்டு ரஷ்யா பக்கம் மட்டும் படையைத் திருப்ப முடியுமா என்று வில்ஹெல்ம் கேட்டார். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. 11,000 ரயில்களின் அட்டவணை குலைந்துபோகுமாம். பிரான்சைத் தாக்கும் வழி பெல்ஜியம். அதன் நடுநிலைமையைக் காப்பதாக 1839இல் ஒப்பந்தம் செய்திருந்த பிரிட்டன், 4-ஆம் தேதி போரில் இறங்கியது.

கேள்வி: மன்னர்கள் உறவினர்களாமே? (வாசகர் ஒருவர்)

ஆமாம். பிரிட்டன் அரசர் ஐந்தாம் ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் அத்தை மகன், நிக்கோலஸ் சித்தி பிள்ளை முறை. 1913 மே மாதம் வில்ஹெல்மின் மகள் திருமணத்துக்கு மூவரும் பெர்லினில் கூடினார்கள். போருக்கு முந்தைய நாட்களில் வில்ஹெல்மும் நிக்கோலஸும் 'வில்லி', 'நிக்கி' என்று செல்லப்பெயரிட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். உறவால் ஒரு ரயிலைக்கூட நிறுத்த முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் பகை முற்றினால் போர் நிச்சயமா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

இல்லை. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்ததும், உடனே குண்டு வீசலாம் என்று அமெரிக்கத் தளபதிகள் அதிபர் கென்னடியை நெருக்கினார்கள். அவர் கடல்வழியை மறித்துவிட்டுக் காத்திருந்தார். சோவியத் தலைவர் குருசேவ் தன் கப்பல்களைத் திருப்பி அழைத்தார். கியூபா மீது படையெடுப்பதில்லை என்று அமெரிக்கா உறுதி கூற, ஏவுகணைகள் திரும்பிப் போயின. துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை அகற்றவும் அமெரிக்கா இரகசியமாக ஒப்புக்கொண்டது. இருவருக்கும் மானம் போகாமல் பின்வாங்க வழி இருந்தது. 1914இல் யாரும் யாருக்கும் அப்படி ஒரு வழி விட்டுவைக்கவில்லை.

அந்த நெருக்கடியில் தலைவர்களின் கடிதங்கள் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆயிற்று. அதனால்தான் 1963 ஜூனில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு அமைக்க ஒப்பந்தம் போட்டார்கள். படங்களில் காட்டும் சிவப்புத் தொலைபேசி அல்ல அது, தட்டச்சு செய்த செய்தியை அனுப்பும் டெலிபிரின்டர். எழுத்தில் வந்தால் நிதானமாகப் படித்து, யோசித்துப் பதில் எழுதலாம் அல்லவா?