மாமாவுக்கு வோட்டர்லூ, அப்பாவுக்கு என்.எச்.எல்., பெடியனுக்கு?

போன சனிக்கிழமை ஸ்காபரோவில இருந்து ஒரு குடும்பம் என்னட்ட வந்தது. மகனுக்கு இருபது வயசு. ஐஸ் ஹொக்கிக்காரன். ஓ.எச்.எல். எண்ட ஒன்ராறியோ இளையோர் லீக்கில நாலு சீசன் டிஃபென்ஸ் விளையாடி முடிச்சிட்டான், ஆக மேல் லீக்கான என்.எச்.எல். இன்ட ரீமுகள் இளம் பெடியளைத் தெரியிற ட்ராஃப்ட்ல ஒரு ரீமும் எடுக்கேல்ல, இப்ப அமெரிக்காவில ஒரு ஈ.சி.எச்.எல். ரீம், என்.எச்.எல்லுக்கு ரெண்டு படி கீழ, ஒக்ரோபர் பயிற்சிக் காம்புக்கு வா எண்டு கேட்டிருக்கு. அம்மாவுக்கு வந்து இருந்ததில இருந்து அழுகை. "அண்ணா, இவன்ட வயசுப் பெடியள் எல்லாம் படிப்போடயே கோ-ஒப் வேலை செய்து உழைக்குதுகள், இவன் மட்டையத் தூக்கிக்கொண்டு திரியிறான், என்ட தமையன்ட முகத்தில முழிக்க ஏலாமக் கிடக்கு." தமையன்ட மகள் வோட்டர்லூ யூனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் எஞ்சினியரிங். விளங்கியிருக்கும்.

முதல் பத்து நிமிசம் நானும் யோசிக்காதேங்கோ தங்கச்சி, யோசிக்காதேங்கோ எண்டு சொல்லிப் பாத்தன். பிறகு நிப்பாட்டிட்டன். அங்க தேவைப்பட்டது ஆறுதல் இல்லை, கணக்கு.

மாமாட கதைய முதல்ல முடிப்பம். பெடியனைத் தனிய இருத்தி கோடிங் பிடிக்குமோ எண்டு கேட்டன், சிரிச்சான். கல்குலஸை ரீம் பஸ்ஸில இருந்து ஒன்லைன்ல செய்து பாஸ் பண்ணினவன், மொக்கன் இல்லை, ஆனா திரும்ப அந்தப் பக்கம் எட்டியும் பாக்க விருப்பமில்லை. அதே பெடியன் சமர்ல ஆறு வயசுச் சின்னனுகளுக்கு ஸ்கேற்றிங் பழக்கினதைச் சொல்லத் தொடங்கினான் எண்டா வாய் மூடேல்ல, எந்தப் பிள்ளை விழப் பயப்பிடும், எதைத் தட்டிக்குடுக்கோணும், எதைக் கண்டுகொள்ளாம விடோணும் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுறான். இவனை எஞ்சினியரிங்ல கொண்டுபோய்த் தள்ள நான் உதவி செய்ய மாட்டன் எண்டு தாயிட்ட நேராவே சொன்னன்.

அப்பா வேற விதம். 2025-26 இல என்.எச்.எல். குறைஞ்ச சம்பளமே 775,000 டொலர் எண்டது அவருக்குத் தேவாரம் மாதிரி மனப்பாடம். ஈ.சி.எச்.எல். இல சம்பளம் கிழமைக்குச் சில நூறு டொலர்தான் எண்டது மட்டும் அவர்ட வாயில வரேல்ல. வீடு கிளப் குடுக்கும், சரி. ஏப்ரல்ல சீசன் முடிஞ்சா சம்பளமும் முடிஞ்சுது. வெள்ளி, சனி, ஞாயிறு மூண்டு நாளும் மேட்ச் வரும், இடையில பஸ்ஸில நித்திரை. ஒரு படி மேல இருக்கிற ஏ.எச்.எல். லீக் ரீமில ஆருக்கும் அடிபட்டா 25 மேட்ச் வரைக்கும் ஒரு ட்ரை-அவுட் ஒப்பந்தத்தில கூப்பிடுவினம், அடிபட்டவன் எழும்பினா இவன் திரும்பக் கீழ. இப்பிடி ஊர் ஊராப் போய் விளையாடிப் பிழைக்கிறவனைத்தான் ஜேர்னிமேன் எண்டுறது. மைக் சில்லிஞ்சர் என்.எச்.எல். இலயே 12 ரீமுக்கு விளையாடி 1,049 மேட்ச் ஆடினவர், ஆனா அவர் 1989 ட்ராஃப்ட்ல 11வதாப் போன ஆள், அந்தக் கதையை இங்க கொண்டுவராதேங்கோ எண்டு தகப்பனுக்குச் சொன்னன்.

அதுக்காக இதைக் கேவலமான தொழில் எண்டு நான் சொல்லேல்ல. மேசனும் வேலை இருக்கிற ஊருக்குத்தான் போறான். எனக்குப் பிரச்சினை எதை முதல்ல செய்யிறது எண்டதுதான்.

ஓ.எச்.எல். இல விளையாடுற ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருச யூனிவர்சிட்டி ரியூஷனும் புத்தகக் காசும் சேரும். இவனுக்கு நாலு வருசம் சேந்து கிடக்கு, அந்தக் கடதாசி லாச்சியில நித்திரை, மூண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்ல! பொதுவா ஒன்றரை வருசத்துக்குள்ள படிக்கத் தொடங்காட்டி அது போயிடும். சம்பளத்துக்கு ஒரு புரொ மேட்ச் ஆடிட்டு யூனிக்கு வந்தா யூனி ரீமில ஒரு வருசம் வெளிய இருக்கவும் வேண்டி வரலாம். அதால ஒக்ரோபர்ல கையெழுத்துப் போடுறது அவசரப்பட்டுச் செய்யிற பிழை.

நான் சொன்ன இடம் ஃப்ரெட்ரிக்டன், நியூ பிரன்ஸ்விக் யூனிவர்சிட்டி. யூனி ஹொக்கி எண்டாச் சும்மா பொழுதுபோக்கு எண்டு தகப்பன் உதட்டைப் பிதுக்கினார். அந்த ரீம் 2023-24 இல 43 மேட்ச் ஆடி 43ஐயும் வெண்டது, கனடா யூனி கப் தூக்கினது இங்க ரொறன்ரோவிலதான், எங்கட ஆக்கள் எத்தினை பேர் போய்ப் பாத்தவை? அந்த யூனி லீக்கில ஆடுறது அநேகமா ஓ.எச்.எல்., அதே மாதிரியான கியூபெக், வெஸ்டேர்ன் லீக் முடிச்ச 21, 22, 24 வயசு ஆம்பிளையள், அடி விழுந்தா விளங்கும். ஓ.எச்.எல். இல ஒரு சீசனுக்கு 68 மேட்ச், அங்க முப்பதளவு, கூடுதலா வெள்ளி சனிதான், அதால படிக்க நேரம் இருக்கு, ஜிம்முக்கும் நேரம் இருக்கு. இவன் கினீசியோலஜி, அதான் உடம்பு அசையிற விதத்தைப் பற்றின படிப்பு, எடுக்கலாம், பிறகு பி.எட்., சின்னனுகளோட நிண்டு வேலை செய்யிற ஆளுக்கு இதைவிட என்ன வேணும். கடைசி வருசம் மார்ச்சில யூனி சீசன் முடிய ஈ.சி.எச்.எல். ரீமுகள் இப்பிடியான பெடியளைக் கூப்பிட்டு மிச்ச மேட்சுகளை ஆட வைக்கிறது வழமை, அங்க ருசி பாக்கட்டும். பிறகு ஜேர்மனி, இல்லாட்டி பிரிட்டன்ட எலைற் லீக், பெல்ஃபாஸ்ட், கார்டிஃப், கிளாஸ்கோ எண்டு பத்து ரீம், சில கிளப்புகள் அந்த ஊர் யூனியில மாஸ்டர்ஸும் செய்ய ஒழுங்கு பண்ணும். முழங்கால் போற வயசில கையில ரெண்டு டிகிரி இருக்கும்.

காசு விசயத்தில நான் கொஞ்சம் கடுமையாத்தான் கதைச்சன். சின்ன வயசில ட்ரிப்பிள்-ஏ எண்ட மேல்மட்டப் பிள்ளையள் ஹொக்கிக்கு வருசம் பத்தாயிரத்துக்கு மேல கொட்டியாச்சு. இப்ப தகப்பன் வீட்டு லைன் ஒஃப் கிரெடிட்ல கடன் எடுத்து பிரைவேற் ஸ்கேற்றிங் கோச்சுக்குக் குடுக்கப் போறாராம். ஒரு சதமும் குடுக்கக்கூடாது. இவன்ட ஓ.எச்.எல். படிப்பு ஒப்பந்தத்தில ரெசிடென்ஸ், அதான் யூனியில தங்குற செலவு, இல்லை, அதுக்கு வேணுமெண்டா அந்தக் காசை வையுங்கோ, மிச்சத்துக்கு அவன் சமர்ல உழைக்கட்டும். கிறேட் 11 படிக்கிற தங்கச்சின்ட படிப்புச் சேமிப்பான ஆர்.ஈ.எஸ்.பி.யில கைவைச்சா இந்தப் பக்கம் வராதேங்கோ எண்டும் சொன்னன், கோவிச்சுக்கொண்டார், பரவாயில்லை.

நியூ பிரன்ஸ்விக் ரீம் கோச்சுக்கு ஈமெயில் அவனே எழுதோணும், வீடியோவோட, இந்தக் கிழமையே. அப்பா எழுதக்கூடாது.

எழும்பிப் போகேக்க தாய் வாசல்ல நிண்டு கேட்டா, "அண்ணா, தமையனுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

1785 இல தொடங்கின யூனியில படிக்கப் போறான் எண்டு சொல்லுங்கோ, வோட்டர்லூ அப்ப காடு எண்டன்.