டெஸ்டர் பேனா சொன்னால் வைரமா?

கேள்வி: வைரமும் பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான் என்கிறார்கள். அப்படியானால் என் மோதிரத்து வைரம் நாளடைவில் கிராஃபைட்டாகிவிடுமா? வாங்கித் தந்த தரகர், வைரத்தைச் சோதிக்கும் டெஸ்டர் பேனாவைக் கல்லில் வைத்ததும் 'டயமண்ட்' விளக்கு எரிந்தது. அதை நம்பலாமா?

பதில்: ஆகாது, கவலையை விடுங்கள். வைரத்தில் ஒவ்வொரு அணுவும் சுற்றியுள்ள நான்கு அணுக்களை இறுகப் பிடித்திருக்கிறது. கிராஃபைட்டில் மூன்றைத்தான். அதனால் அது தகடு தகடாக அடுக்கியிருக்கும். தகடுகளுக்கு நடுவே பிடிமானம் குறைவு. காகிதத்தில் தேய்த்தால் உதிர்ந்து ஒட்டிக்கொள்வது அதனால்தான். வைரத்தின் அந்தக் கட்டு அவிழ வேண்டுமானால் கடுமையான சூடு வேண்டும், அது விரலில் கிடைக்காது. ஆனால் நகையின் உலோகத்தைப் பற்றவைக்கும் நெருப்பில் கிடைக்கும். காற்றுப்பட அப்படிச் சுட்டால் வைரத்தின் மேல்பரப்பு எரிந்து வெளுத்துவிடும். மோதிரத்தைப் பழுது பார்க்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.

பேனா விஷயத்துக்கு வருவோம். சாதாரணப் பேனா பார்ப்பது கல் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்பதை மட்டுமே. வைரம் செம்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும். ஆனால் மொய்சனைட் என்ற சிலிக்கன் கார்பைடு கல்லும் சூட்டை நன்றாகவே கடத்தும், விளக்கும் எரியும். இது தரகர்களுக்குத் தெரியாதா என்ன? சில பேனாக்கள் மின்சாரத்தையும் சோதிக்கும்: மொய்சனைட்டில் கொஞ்சம் கசியும், வெள்ளை வைரத்தில் கசியாது.

இதில் ஒரு விலக்கு உண்டு, கவனமாகப் படியுங்கள். சில நீல வைரங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கார்பன் இடத்தில் போரான் அணு உட்கார்ந்திருக்கும். போரானிடம் ஒரு எலக்ட்ரான் குறைவு, அந்தக் காலியிடம் வழியாக மின்சாரம் ஓடும். புகழ்பெற்ற ஹோப் வைரம் இந்த வகைதான். மின்சாரத்தைச் சோதிக்கும் பேனா அதை மொய்சனைட் என்றே சொல்லும். "கல் போலி, கிடைத்த விலைக்குக் கொடுங்கள்" என்று எவராவது உங்கள் நீல வைரத்தைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம், ஆய்வகத்தில் வளர்த்த வைரம். அணு அடுக்கு அதேதான், அதனால் அதுவும் அசல் வைரமே. மண்ணில் தோண்டியெடுத்த வைரத்திலிருந்து அதை இந்தப் பேனாவால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் விலை வேறு. பில்லில் 'வைரம்' என்று மட்டும் எழுதிவிட்டு, விற்றவரே சான்றிதழும் அடித்துத் தருகிற கூத்தை யாரும் கேட்பதில்லை! விற்றவருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகத்தில் கொடுங்கள். அதற்கு முன் ஒரு லென்ஸ் வைத்துக் கல்லைச் சாய்வாகப் பாருங்கள். பின்பக்கப் பட்டைகளின் விளிம்பு இரட்டைக் கோடாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது மொய்சனைட்தான்.