அடியில் ஒரு படி

அன்புள்ள ஐயா,

ஏழாவது படிக்கும் என் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக, அமெரிக்கக் கடற்படை தன் விமானிகளைப் பழக்கிய ‘கர்டிஸ் எஃப்’ பறக்கும் படகை (படகு மாதிரி உடம்போடு தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானம்) பால்சா மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். சண்டை போட்ட விமானம் ஏதாவது எடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. படகின் அடியில் படி மாதிரி ஒரு வெட்டு அசிங்கமாகத் தெரிந்தது. பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கிவிட்டேன். இறக்கைக்கு என்ன நிறம் அடிக்கலாம்?

– எஸ்.

அன்புள்ள எஸ்.,

ராத்திரி கண்விழித்து மகளுக்காக மரம் செதுக்குகிற அப்பாவைத் திட்ட மனசு வரவில்லை. ஆனாலும் திட்டத்தான் வேண்டும். அந்த வெட்டை அடைக்க உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அந்த விமானத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சண்டை விஷயம் பெரிதில்லை. 1914 ஏப்ரலில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு மேலே கண்ணிவெடி தேடிப் பறந்ததும் இதே வகைப் படகுதான். போதுமா? வெட்டுக்கு வருவோம்.

என் அத்தை வீட்டுக் கிணற்றடியில் வழவழவென்று ஒரு துவைகல் உண்டு. பாத்திரம் கழுவும்போது பித்தளைத் தாம்பாளத்தை அதன்மேல் ஈரத்தோடு கவிழ்த்து வைத்துவிட்டால் எடுக்க வராது. எட்டு வயதில் இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலே இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறேன். "இழுக்காதடா, ஓரத்தை நெம்பு. காத்து உள்ள போனா அதுவா வந்துரும்" என்பார் அத்தை. விரலை ஓரத்தில் கொடுத்தால் ‘ப்ளக்’கென்று ஒரு சத்தம், தாம்பாளம் கையில் இருக்கும். அத்தை போன ஆவணியில் தவறிவிட்டார். தாம்பாளம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அதைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

இந்த விமானத்தை உருவாக்கிய கிளென் கர்டிஸுக்கும் அதே தொல்லைதான். 1912 ஜனவரியில் சான் டியேகோவில் அவருடைய முதல் பறக்கும் படகு தண்ணீரை விட்டு எழவே இல்லை. அப்புறம் நியூயார்க் மாநிலத்தில் ஹாம்மண்ட்ஸ்போர்ட் ஊரில், கியூகா ஏரியில் இரண்டாவது படகை இறக்கினார். அதுவும் ஓடியது, சீறியது, எழவில்லை. இன்னொருவராக இருந்தால் இன்னும் பெரிய எஞ்சினை மாட்டியிருப்பார். கர்டிஸ் மோட்டார் படகில் ஏறிப் பக்கத்திலேயே போய், அடியில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்த்தார். தண்ணீர் அடிப்பலகையோடு ஒட்டிக்கொண்டே பின்னால் வரை போனது. மரக்கட்டைகளை ஆப்பு மாதிரி அடியில் அடித்தார். படகு எழுந்தது.

விஷயம் இவ்வளவுதான். வேகம் கூடியதும் படகு தன் முன்பாதியில் ஏறி நிற்கிறது. படி வந்த இடத்தில் தண்ணீர் பிய்த்துக்கொள்கிறது, பின்பாதிக்குக் கீழே காற்று புகுகிறது. மூக்கைத் தூக்க இப்போதுதான் வழி. படி இல்லாவிட்டால், மூக்கைத் தூக்கத் தூக்க வால் தண்ணீருக்குள் அமுங்கும், பிடி இறுகும். இன்றைக்கும் நீர்விமானம் ஓட்டுகிறவர்கள் "படியில் ஏறிவிட்டது" என்றுதான் பேசுவார்கள். சிற்றலை இருந்தால் கிளம்புவது சுலபம்; கண்ணாடி போலக் கிடக்கிற தண்ணீர்தான் விடாது.

இப்போது இந்தப் படகில் பறக்கப் பழகிய பையன்களை நினைத்துப் பாருங்கள். 1914-இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் கடற்படை பயிற்சித் தளம் தொடங்கியது. கர்டிஸ் எஃப் படகில் ஆசிரியரும் மாணவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். எஞ்சின் தலைக்குப் பின்னால் உறுமும், முகத்தில் உப்புத்தண்ணீர் அடிக்கும். வானத்துக்குப் போகுமுன் மாணவன் படிக்க வேண்டியது தண்ணீரைத்தான். எப்போது அது பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று இடுப்புக்குத் தெரிய வேண்டும். முதல் உலகப் போர் முடிவதற்குள் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளைக் கடற்படை வாங்கியது. ஒவ்வொன்றின் அடியிலும் நீங்கள் ‘அசிங்கம்’ என்ற அந்தப் படி இருந்தது. கற்றுக்கொடுத்த விமானத்தை மட்டமாக நினைக்காதீர்கள், எஸ். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

நிறம் கேட்டிருந்தீர்கள். அதை மகளே தேர்ந்தெடுக்கட்டும். பட்டி இந்நேரம் இறுகியிருக்கும், சின்ன உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள். படி இறக்கைக்குக் கீழே, விரல்மேல் வைத்தால் படகு சாயாமல் நிற்கிற புள்ளிக்குக் கொஞ்சம் பின்னால் வர வேண்டும்.