பேரிங்கோடு வந்த பையன்

அக்கா, தம்பிக்கு மெட்ரிக் முடிந்தது, இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை, சீனாவுக்கு அனுப்ப வீட்டின் மேல் கடன் வாங்கலாமா என்று கேட்டீர்கள். கவலைப்படாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். அது போதாது. கடன் வாங்காதீர்கள்.

வெளிநாட்டில் படித்து வந்தாலும், இங்குள்ள மருத்துவக் கவுன்சிலின் தேர்வில் தேறினால்தான் இன்டர்னாகவே, அதாவது பயிற்சி மருத்துவராகவே, சேர முடியும். அதுவரை வீட்டுக் கடனுக்குத் தவணை யார் கட்டுவது? யோசனை சொன்ன பெரியப்பாவா வந்து கட்டுவார்?

நாம் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி வாயே திறக்கவில்லை. கடைசியில் பேப்பரில் சுற்றிய பேரிங் ஒன்றை, மோட்டாரின் சுழலும் தண்டைத் தாங்கும் வளையத்தை, என் மேசையில் வைத்தான். உள்வளையத்தைக் கட்டைவிரலால் தடவி, "இங்க தண்ணி புகுந்திருக்கு, அதான் மோட்டார் கத்துச்சு" என்றான். அப்போதுதான் அவன் முகம் தெளிந்தது.

"தாத்தா கை அழுக்காக உழைத்தது போதும்" என்றீர்கள். 1860இல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து, கரும்புக்கென்று கூட்டிவந்தவர்களுக்குள்ளே கைத்தொழில் தெரிந்தவர்களும் இருந்தார்கள். கூலியாக வந்த கிஸ்தப்ப ரெட்டிதான் 1898இல் மவுண்ட் எட்ஜ்கோம்பில் பிள்ளையார் கோயில் கட்டினார். ஒப்பந்தம் முடிந்தவர்கள் தோட்டம் போட்டார்கள், வலை வீசினார்கள், பட்டறை வைத்தார்கள். பிறகு 1922இல் அப்ரண்டிஸ் சட்டம், அதாவது தொழில் பழகுபவர்களுக்கான சட்டம், வந்தது. ஆறாம் ஸ்டாண்டர்ட் படித்திருக்க வேண்டும் என்றது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே போதாத காலம் அது. கையில் தொழில் இருந்தும் சான்றிதழுக்கு வழியில்லை. அவர்களுக்கு அடைத்த கதவு இன்று தம்பிக்குத் திறந்திருக்கிறது, நாமே அதைச் சாத்தலாமா?

அவனுக்கு நான் சொல்வது மில்ரைட் வேலை. மெக்கானிக் வேலையும் எலக்ட்ரீஷியன் வேலையும் ஒரே ஆள் கையில். பம்பு, கியர்பாக்ஸ், கன்வேயர், மோட்டார், அதை ஓட்டும் கன்ட்ரோல் பேனல் எல்லாம் பார்க்க வேண்டும். சர்க்கரை ஆலை, காகித ஆலை, எங்கே மெஷின் நின்றாலும் முதலில் தேடுவது இவரைத்தான். மூன்று, நான்கு வருடம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. செய்த வேலையை லாக்புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் டிரேட் டெஸ்ட். வேண்டுமென்றே பழுதாக்கிய சர்க்யூட்டைக் கொடுத்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தேறினால் ரெட் சீல் என்ற தொழில் தகுதிச் சான்றிதழ். ஒன்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்: அப்ரண்டிஸ் ஒப்பந்தம் செட்டாவில் (துறைவாரியான தொழிற்பயிற்சி ஆணையத்தில்) பதிவாகாத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பி.காம், கம்ப்யூட்டர் எல்லாம் நீங்களே விசாரித்துவிட்டீர்கள், விடுங்கள்.

திங்கட்கிழமை தம்பியைத் தனியாக அனுப்புங்கள். கணக்கு, சயின்ஸ் மதிப்பெண் பட்டியலோடு அந்தப் பேரிங்கையும் எடுத்துவரட்டும். விண்ணப்பத்தை அவனே எழுதட்டும்.