டிரைவ் மோடுக்காக மேல் வேரியன்ட் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு மணலியில் வேலை. மனைவி பெரம்பூரில் ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்த்து கைக்கு 85,000 ரூபாய் வருகிறது. முதல் கார் வாங்கப் போகிறோம். பார்த்து வைத்திருக்கும் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் ஒரு வேரியன்ட் ஷோரூம் விலை 9,40,000 ரூபாய், அடுத்தது 10,60,000. எஞ்சினும் கியர்பாக்ஸும் இரண்டிலும் ஒன்றுதான். மேல் வேரியன்டில் ஈகோ, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று டிரைவ் மோடும், சன்ரூஃபும், பெரிய ஸ்கிரீனும் இருக்கின்றன. "ஈகோவில் போட்டு ஓட்டினால் மைலேஜ் 20 சதவீதம் ஏறும், கூடுதலாகப் போட்ட காசு பெட்ரோலிலேயே திரும்பி வந்துவிடும்" என்கிறார் ஷோரூம்காரர். கையில் 3,00,000 இருக்கிறது, மீதிக்கு ஐந்து வருட லோன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும். என் அண்ணனும் அவருடைய காரை எப்போதும் ஈகோவிலேயே ஓட்டுகிறார். எதை எடுப்பது?

பதில்: கீழ் வேரியன்டை எடுங்கள். சன்ரூஃப் பிடித்திருக்கிறது, குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று மேல் வேரியன்டுக்குப் போவதானால் அது உங்கள் விருப்பம், அதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பெட்ரோலில் காசு திரும்பி வரும் என்ற கணக்கை நம்பிப் போகாதீர்கள். அது வராது.

முதலில் அந்தப் பட்டன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஈகோ மோடு போட்டதும் எஞ்சின் வேறு எஞ்சினாக மாறிவிடுவதில்லை. ஆக்சிலரேட்டரை நீங்கள் எவ்வளவு மிதித்தால் எஞ்சின் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற கணக்கு மட்டும் மாறுகிறது. அதே அளவு மிதித்தாலும் வண்டி கொஞ்சம் நிதானமாகத்தான் கிளம்பும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரமே மேல் கியருக்குப் போய்விடும், எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடும். சில கார்களில் ஏசி கம்ப்ரசரின் வேலையையும் குறைப்பார்கள். ஸ்போர்ட் இதற்கு நேர் எதிர்: லேசாகத் தொட்டாலே சீறும், கியரை மாற்றாமல் நீண்ட நேரம் பிடித்து வைத்திருக்கும்.

ஆக, ஈகோ செய்கிற பெரிய வேலை உங்கள் காலுக்கு ஒரு கடிவாளம் போடுவதுதான். நிதானமாக மிதிக்கிற பழக்கம் ஏற்கெனவே உள்ளவருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. அவசரக்காரருக்கும் இல்லை, ஏனென்றால் வண்டி மந்தமாக இருக்கிறதே என்று அவர் இன்னும் அழுத்தி மிதிப்பார். அழுத்தி மிதித்ததும் கியர்பாக்ஸ் கீழ் கியருக்கு இறங்கும், மிச்சமாக வேண்டிய பெட்ரோல் அங்கேயே போய்விடும். உங்கள் அண்ணன் காரில் மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். ஈகோவில் பாதி ஏற்றத்தில் வண்டி திணறுவது போல் இருக்கும், ஓட்டுபவர் கால் தானாகக் கீழே போகும், எஞ்சின் சத்தம் சட்டென்று ஏறும். அந்தச் சில நொடிகளில் ஈகோவுக்கும் நார்மலுக்கும் வித்தியாசமே கிடையாது.

ஷோரூம்காரர் சொன்ன 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஆவேசமாக ஓட்டுவதையும் பொறுமையாக ஓட்டுவதையும் ஒப்பிட்டால் அப்படியொரு எண் வரத்தான் செய்யும். விருட்டென்று கிளம்பி, சடாரென்று பிரேக் போட்டு ஓட்டினால், நின்று நின்று நகரும் டிராஃபிக்கில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. ஆனால் அந்த மிச்சம் காலில் இருந்து வருவது. கீழ் வேரியன்டிலும் அது உங்களுக்குக் கிடைக்கும், அதற்கு யாரும் 1,20,000 ரூபாய் கேட்க மாட்டார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். விளம்பரத்தில் போடும் மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் ஏசி போடாமல் உருளைகள் மேல் ஓட்டி எடுத்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்கிற வண்டிக்கு அது பொருந்தாது. பங்கில் இப்போது போடுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் உங்கள் ஓட்டத்துக்கு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் என்று வைக்கிறேன். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 77 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் ஏறக்குறைய 7,800 ரூபாய். ஈகோவால் 5 சதவீதம் மிச்சம் என்று எடுத்துக்கொண்டால் மாதம் 390 ரூபாய், வருடத்துக்கு 4,680. தாராளமாக 8 சதவீதம் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 7,500 ரூபாயைத் தாண்டாது.

மேல் வேரியன்டுக்கு ஆகும் கூடுதல் செலவு 1,20,000 என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது இல்லை. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் கார்களுக்கான வாழ்நாள் வரி உயர்ந்தது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும் 18. நீங்கள் பார்க்கும் இரண்டு விலைகளும் இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்கின்றன. 9,40,000க்கு வரி 1,22,200 ரூபாய். 10,60,000க்கு 1,90,800 ரூபாய். வரியில் மட்டும் 68,600 ரூபாய் வித்தியாசம். விலையோடு சேர்த்தால் உங்களுக்கு உண்மையில் கூடுவது 1,88,600 ரூபாய். வண்டியின் மதிப்பு கூடுவதால் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் கூடும், அதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இந்த 1,88,600ஐயும் லோனில்தான் போடப் போகிறீர்கள். 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் இதற்கு மட்டும் மாதத் தவணை 3,915 ரூபாய். 60 தவணையும் கட்டி முடிக்கும்போது 2,34,900 ரூபாய் கொடுத்திருப்பீர்கள். வருடம் 4,680 மிச்சத்தில் அதை எடுக்க 50 வருடம் ஆகும். 8 சதவீதக் கணக்கிலும் 31 வருடம். காரின் பதிவே முதலில் 15 வருடத்துக்குத்தான். மாதம் 390 ரூபாய் மிச்சப்படுத்த மாதம் 3,915 ரூபாய் கட்டுவதை எந்தக் குடும்பத்துக்கும் நான் சொல்ல முடியாது.

குடும்ப வரவு செலவையும் பாருங்கள். கீழ் வேரியன்ட் எடுத்தால், உங்கள் 3,00,000 போக, வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து லோன் சுமார் 8,00,000 வரும். தவணை 16,600. பெட்ரோலும் சேர்ந்தால் மாதம் 24,400 ரூபாய் காருக்கே போகும். மேல் வேரியன்டில் இது ஏறக்குறைய 28,000, அதாவது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாடகை இருக்கிறது, முதல் கார் என்பதால் சர்வீஸ், டயர் செலவெல்லாம் இனிமேல்தான் வரும். 24,400கூட எனக்கு நிம்மதியான எண் இல்லை. ஒரு போனஸ் வந்து முன்பணத்தை இன்னும் 1,00,000 கூட்ட முடியுமானால், அதுவரை பொறுத்து வாங்கினால் தப்பில்லை. அந்த 3,900 ரூபாயைத் தவணையாகக் கட்டாமல் அஞ்சலகத் தொடர் வைப்பில் ஐந்து வருடம் போட்டால், 6.7 சதவீத வட்டியில் 2,78,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும்.

பெட்ரோலை மிச்சப்படுத்த வேண்டும் என்ற உங்கள் அக்கறை சரியானது, அதற்கு வழி இருக்கிறது. உங்கள் பாதையில் பணம் கரைவது ஓடும்போது இல்லை, நிற்கும்போதுதான். ரயில்வே கேட், துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசை, சிக்னல் எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை மணி நேரம் எஞ்சின் சும்மா ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசியோடு சும்மா நிற்கும் சிறிய காரே மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வரை குடித்துவிடும். அப்படிப் பார்த்தால் நாளைக்கு 50 ரூபாய், 25 வேலை நாளுக்கு 1,250. மே மாத வெயிலில் ஏசியை நிறுத்தச் சொல்வது நியாயமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் கேட் மூடி ஐந்து நிமிடம் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் எஞ்சினை அணைத்துவிடலாம். பாதி நேரம் அப்படிச் செய்தாலே ஈகோ தருவதைவிடக் கூடுதலாக மிஞ்சும். வண்டி நின்றதும் எஞ்சின் தானாக அணையும் வசதி பல கார்களில் கீழ் வேரியன்டிலேயே வருகிறது. எரிச்சலாக இருக்கிறது என்று பலர் அதை அணைத்து வைத்துவிடுகிறார்கள். புக் செய்யும் முன் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

டயர் காற்றைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள், டிக்கியில் வேண்டாத சாமானைச் சுமக்காதீர்கள். அவ்வளவுதான்.

கூடுதலாகச் செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் வேறொரு இடம் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வடசென்னையில் மழைக்காலம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்திருப்பீர்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீருக்குள் வண்டி நின்று, பதற்றத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிடும். வழக்கமான பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம், எஞ்சின் வேலையோ லட்சத்தில் போகும். சில ஆயிரம் ரூபாய் பிரீமியம் இந்த அடியிலிருந்து காப்பாற்றும்.

உங்கள் அண்ணன் விஷயம். அவரிடம் அந்தப் பட்டன் ஏற்கெனவே இருக்கிறது, காசு கொடுத்தாயிற்று, ஆகவே பயன்படுத்தட்டும். டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஊர்ந்து போக ஈகோ நல்லது. மாதவரம், செங்குன்றம் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது எந்த மோடிலும் பெரிய வித்தியாசம் இருக்காது, அங்கே வேகம்தான் கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 80இல் போகாமல் 100இல் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவீதம் அதிகம். எந்த மோடாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஒன்று மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இரண்டு டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே புகுந்து மெயின் ரோட்டில் சேரும்போதும், லாரியை முந்தும்போதும் நார்மலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வண்டி ஒரு நொடி தாமதமாகப் பதில் சொன்னாலும் ஆபத்து. பத்து ரூபாய் பெட்ரோலுக்காக அந்த ரிஸ்க் வேண்டாம்.

அவர் காரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டுமானால் டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே பங்கில் டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஒரு டேங்க் முழுக்க ஈகோவிலும் அடுத்த டேங்க் நார்மலிலும் ஓட்டச் சொல்லுங்கள். மறுபடி நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை கிடைக்கும். புக்கிங்குக்கு முன் அவரிடம் அந்த இரண்டு எண்களையும், ஷோரூமில் இரண்டு வேரியன்டுக்கும் வரியோடு சேர்த்த ஆன்ரோடு விலையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.